தொப்பூர் ஏத்தத்துல மட்டும் கொதிக்கிற டெம்போ டிராவலர்: ஹெட்டைத் திறக்கணுமா?

கூடாரம்_பாலக்கோடு
ஞாயிறு, இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2003 மாடல் டெம்போ டிராவலர், முன்னாடி ஸ்கூல் வேனா ஓடினது. ரெண்டு வருசம் முன்னாடி வாங்கி சீட்டையெல்லாம் கழட்டிட்டு கட்டில், அடுப்பு, 60 லிட்டர் தண்ணி டேங்க், கூரையில சோலார்னு போட்டு ஒரு குட்டி வீடா ஆக்கி வெச்சிருக்கேன். இஞ்சின் அந்தப் பழைய பென்ஸ் வழி வந்த 2.4 லிட்டர் டீசல்தான், ஓஎம் 616. ஏசி கிடையாது. ஃபேன் வாட்டர் பம்ப்லயே நேரா மாட்டினது.

பிரச்சனை இது. நேத்து சேலத்துல இருந்து திரும்பி வர்றேன், மத்தியானம் 2 மணி, நல்ல சித்திரை வெயில். ஓமலூர் வரைக்கும் சூடு காட்டுற முள் பாதியில அசையாம நின்னுச்சு. தொப்பூர் தாண்டி ஏத்தம் தொடங்கினதும் மெதுவா ஏறிச்சு. இரட்டைப் பாலம் தாண்டினதும் சிவப்பு. பாளையம்புதூர் சுங்கச்சாவடி கண்ணுல படுறதுக்கு முன்னாடியே முன்பக்கம் ஆவி. ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் நின்னு, டேங்க் தண்ணியை ஊத்தி வீடு வந்து சேர்ந்தேன்.

சமதளத்துல 60ல ஓட்டினா ஒண்ணும் ஆகுறதில்ல. தருமபுரி பஸ் ஸ்டாண்ட் நெரிசல்ல அரை மணி நேரம் ஐடில்ல நின்னாலும் ஒண்ணும் ஆகுறதில்ல. ஏத்தம்னா மட்டும்தான். போன மாசம் ஒகேனக்கல்ல இருந்து பென்னாகரம் ஏறும்போதும் இதே கதை.

இதுவரைக்கும் செஞ்சது: ரேடியேட்டர் மூடி புதுசு. ஃபேன் பெல்ட் இறுக்கியாச்சு. மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வை (இஞ்சின் சூடானதும் திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடுறது) கழட்டி கையில குடுத்துட்டாரு, "நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்கு தம்பி"ன்னு. இப்போ ஹெட்டை (இஞ்சினோட மேல் மூடி) கழட்டணும், அதுக்கு அடியில இருக்குற கேஸ்கெட் போயிருக்கும், 35,000 ஆகும்ங்கறாரு. செய்யலாமா?

---

மாங்கனி_பர்கூர்
ஞாயிறு, இரவு 10:05

ஹெட் கேஸ்கெட்தான் நண்பா, சந்தேகமே வேண்டாம். என்னோட பழைய சுமோவும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. தள்ளிப்போட்டா ஹெட் வளைஞ்சுடும், அப்புறம் 35க்கு 70 ஆகும்.

---

சூளகிரி_லாரி
ஞாயிறு, இரவு 10:31

ஹெட்டைத் தொடுறதுக்கு முன்னாடி நீ எந்த கியர்ல ஏறினேன்னு சொல்லு. தொப்பூர்ல நான் பாக்குற பாதி வேன்காரங்க நாலாவதுலயே வண்டியை முக்கி முக்கி ஏத்துறாங்க. இஞ்சின் மெதுவா சுத்தினா பம்ப்பும் மெதுவாத்தான் சுத்தும், ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும். சூடு மட்டும் முழுசா வரும். மூணுக்கு இறக்கு, வேணும்னா ரெண்டுக்கு இறக்கு, நல்லா சுத்த விடு. லாரிக்காரன் பின்னாடி ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்.

இன்னொண்ணு. ஆவி வந்ததும் மூடியைத் திறந்தியா? நான் 19 வயசுல கிளீனரா இருந்தப்போ துணி போட்டுத் திறந்தேன். முழங்கை வரைக்கும் தழும்பு இன்னும் இருக்கு.

---

பழைய_டெப்போ
திங்கள், காலை 6:10

தம்பி, அவசரப்படாதீங்க. எந்த நேரத்துல சூடாகுதுங்கறதுலயே பாதி விடை இருக்கு.

ஐடில்ல நிக்கும்போது சூடாகி, ஓட ஆரம்பிச்சதும் இறங்கினா காத்து போதலைன்னு அர்த்தம்: ஃபேன், பெல்ட், ஃபேனைச் சுத்தி இருக்குற கூடு. நின்னா நல்லாயிருந்து, பாரம் இழுக்கும்போது மட்டும் சூடானா தண்ணி ஓட்டம் போதலை, இல்லேன்னா ரேடியேட்டர் அந்தச் சூட்டை வெளிய தள்ளலை. உங்களுது ரெண்டாவது வகை. கேஸ்கெட்டும் பாரத்துல சூடு காட்டும்தான், ஆனா அதுக்கு வேற அடையாளமும் சேர்ந்து வரும். காலையில ஆறின இஞ்சினை ஸ்டார்ட் பண்ணின ஒரு நிமிஷத்துக்குள்ள மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுதா? மூடி திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணினா தண்ணியில விடாம குமிழ் வருதா? ஆயில் டிப்ஸ்டிக்ல பால் கலந்த காப்பி நிறம் இருக்கா? வெள்ளைப் புகை நிக்காம வருதா? இதெல்லாம் பாக்க அஞ்சு பைசா செலவில்ல. பாத்துட்டுப் பேசுங்க.

அந்த வால்வை முதல்ல திரும்ப மாட்டுங்க. கையில குடுத்ததை அல்ல, புதுசா ஒண்ணு வாங்கி. இந்த இஞ்சின்ல வால்வோட அடியில ஒரு தட்டு இருக்கும். வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு கீழ இறங்கி பைபாஸ் வழியை மூடும், அப்போதான் மொத்தத் தண்ணியும் ரேடியேட்டருக்குப் போகும். வால்வையே எடுத்துட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணியில பெரும்பங்கு ரேடியேட்டரைப் பாக்காமலே குறுக்கு வழியில பம்ப்புக்குத் திரும்பிடும். சூட்டைக் குறைக்கறேன்னு கழட்டினது சூட்டை ஏத்தும்.

கடைசியா ஒரு கேள்வி. வண்டி வாங்கினதுல இருந்து ரேடியேட்டருக்குள்ள என்னென்ன ஊத்தினீங்க? மறைக்காம சொல்லணும்.

---

கூடாரம்_பாலக்கோடு
திங்கள், காலை 8:20

ஐயா, இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு நன்றி. ஊத்தினது எங்க தோட்டத்து போர்வெல் தண்ணிதான். கூலண்ட் ஒரு தடவை ஊத்தினேன், அதுக்கப்புறம் குறையக் குறைய தண்ணி. வேற ஒண்ணும் இல்ல.

லாரி அண்ணா, நாலாவதுலதான் ஏறினேன். மூடியைத் திறக்கல, ஆறுற வரைக்கும் மரத்தடியில உக்காந்துட்டேன்.

இன்னைக்குக் காலையில பாத்தது: ஆயில் சுத்தமா இருக்கு. ஆறின இஞ்சின்ல ஹோஸ் மெத்துனுதான் இருக்கு, அஞ்சு நிமிஷம் கழிச்சுதான் மெல்ல இறுகுது. குமிழ் ஆரம்பத்துல ரெண்டு மூணு, அப்புறம் நின்னுடுச்சு. வெள்ளைப் புகை இல்ல.

கொரோனா சமயத்துல வாங்கின நெத்தித் துப்பாக்கி வீட்டுல இருக்கு. அதை வெச்சு ரேடியேட்டர் சூடு பாக்கலாமா?

---

ஓசூர்_சிப்காட்
திங்கள், காலை 11:47

நெத்தித் துப்பாக்கி வேண்டாம். அது மனுஷ உடம்புக்கு அளவெடுத்துச் செஞ்சது, 43 டிகிரி பக்கத்துலயே கைவிரிச்சிடும். எலக்ட்ரிகல் கடையில தொழிற்சாலைக்குப் பயன்படுற அகச்சிவப்பு துப்பாக்கி கிடைக்கும், அதை வாங்குங்க. வாங்கினாலும் ஒரு கண்ணி இருக்கு: பளபளப்பான உலோகத்தைக் காட்டினா சூட்டைக் குறைச்சுக் காட்டும். ஹோஸ் ரப்பர் சரி, கறுப்புப் பெயின்ட் அடிச்ச ரேடியேட்டர் சரி. அலுமினியம், பித்தளை தெரியுற இடத்துல கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அது மேல அளங்க.

வால்வு மாட்டின பிறகுதான் அளக்கணும். இல்லேன்னா பைபாஸ்ல ஓடுற தண்ணி கணக்கைக் குழப்பும். இஞ்சின் நல்லா சூடானதும், ஐடிலுக்கு மேல கொஞ்சம் ஆக்ஸிலரேட்டரைப் பிடிச்சு வெச்சு, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் ரெண்டையும் குறிச்சுக்கோங்க. சாதாரணமா ரெண்டுக்கும் 10 டிகிரி சுத்துவட்டாரத்துல வித்தியாசம் இருக்கும். 30, 40 வந்தா ரேடியேட்டர் ரொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு சந்தோஷப்படாதீங்க. உள்ள போற தண்ணி ரொம்பக் கம்மி, அதனாலதான் அவ்வளவு ஆறி வருது.

அப்புறம் ரேடியேட்டர் முகத்தைக் கட்டம் கட்டமா அளங்க. மேல இருந்து கீழ சீரா இறங்கணும். நடுவுல ஒரு திட்டு மட்டும் ஜில்லுனு இருந்தா அங்க குழாய் அடைச்சிருக்கு.

மூடி புதுசு போட்டேன்னீங்களே, அதுல என்ன எண் பொறிச்சிருக்கு? பழைய மூடியில இருந்த எண்ணேதானா? மூடி வெறும் மூடியில்ல. வெறும் தண்ணி கடல் மட்டத்துல 100 டிகிரியில கொதிக்கும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், இங்க 97லயே கொதிச்சிடும். 1 பார் அழுத்தத்தைப் பிடிச்சு நிறுத்துற மூடி இருந்தா அதே தண்ணி 120 வரைக்கும் தாங்கும். மூடி சோடை போனா வண்டியில வேற குறையே இல்லாம கூட ஏத்தத்துல ஆவி வரும்.

---

மாங்கனி_பர்கூர்
திங்கள், மதியம் 1:15

குமிழ் ரெண்டு மூணு வந்துச்சுன்னு அவரே சொல்றாரே. கேஸ்கெட் இல்லேன்னா குமிழ் ஏன் வரும்?

---

பழைய_டெப்போ
திங்கள், மதியம் 3:30

நேத்து கொதிச்சு, தண்ணி குறைஞ்சு, திரும்ப ஊத்தின வண்டி அது. உள்ள மாட்டின காத்து வெளிய வரத்தான் செய்யும். வந்து நின்னுட்டா காத்து. நிக்காம, ஆக்ஸிலரேட்டர் குடுக்கக் குடுக்கக் கூடினாதான் கேஸ்கெட். சந்தேகம் தீரலேன்னா ரேடியேட்டர் வாயில வெச்சுப் பாக்குற நீல மருந்து சோதனை இருக்கு. எரிஞ்ச வாயு கலந்தா நீலம் பச்சையாவோ மஞ்சளாவோ மாறும். அது இருக்குற ஒர்க்‌ஷாப்ல சில நூறு ரூபாய்க்குப் பாத்துடலாம். 35,000க்கு ஹெட்டைத் திறந்துட்டு "நல்லாத்தான் இருந்திருக்கு"ன்னு மூடின வண்டிகளை நான் நிறையப் பாத்திருக்கேன்.

---

வேன்_வாழ்க்கை
திங்கள், மாலை 5:02

சும்மா ஒரு கேள்வி, ஸ்கூல் வேனைக் கட்டில் போட்டு மாத்தினதுக்கு ஆர்டிஓல அனுமதி வாங்கினீங்களா? ஆர்சில பதியணும்னு சொல்றாங்களே.

மட்டுறுத்துநர்
திங்கள், மாலை 5:40

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு பத்தித் தனி இழை ஏற்கெனவே ஓடுது. அங்க கேளுங்க. இங்க சூடு மட்டும்.

---

கூடாரம்_பாலக்கோடு
வியாழன், இரவு 8:55

வாங்கி, மாட்டி, அளந்துட்டேன்.

வால்வு புதுசு. மாட்டுறதுக்கு முன்னாடி பழசையும் புதுசையும் நூல்ல கட்டி பாத்திரத்துத் தண்ணியில தொங்கவிட்டு அடுப்புல வெச்சேன் (வண்டிக்குள்ள இருக்குற அடுப்புலதான், அடியில படாம). புதுசு 80 தாண்டினதும் மெல்லத் திறந்துச்சு. பழசு தண்ணி தளதளன்னு கொதிச்சும் பாதிக்கு மேல திறக்கல. அப்போ மெக்கானிக் கழட்டினதுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கு, ஆனா புதுசு போடச் சொல்லியிருக்கலாம்.

மூடியில அழுத்தம் 0.5ன்னு பொறிச்சிருக்கு! பழைய மூடியில 0.9. கடையில "எல்லாம் ஒண்ணுதான்"ன்னு குடுத்தாங்க. மாத்திட்டேன்.

மேல் ஹோஸ் 91, கீழ் ஹோஸ் 54. ரேடியேட்டர் முகத்துல ஓட்டுநர் பக்கம் மேல இருந்து கீழ ஓரளவு சூடு. நடுவுலயும் இடது பக்கமும் கீழ்ப்பாதி முழுக்க 45க்குக் கீழ. கையாலயே தொட முடியுது.

இன்னொரு விஷயமும் கண்ணுல பட்டுது. ராத்திரி ஹெட்லைட் போட்டா முள் ஒரு கோடு ஏறுது, அணைச்சா இறங்குது. இதுவும் சூடா?

---

ஓசூர்_சிப்காட்
வியாழன், இரவு 9:30

அது எர்த் கோளாறு. மீட்டர் பெட்டியோட எர்த் கம்பி துரு பிடிச்சிருக்கும். சுரண்டி, இறுக்கி மாட்டுங்க. வெளிச்சம் போட்டா இஞ்சின் சூடாகாது :)

37 டிகிரி வித்தியாசம், பாதி முகம் ஜில்லுனு. வேற சாட்சி வேண்டாம், ரேடியேட்டர் அடைச்சிருக்கு. போர்வெல் தண்ணி. நம்ம மாவட்டத் தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி, அதனாலதான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. அதே தண்ணியை இஞ்சினுக்கு ஊத்தினா?

---

பழைய_டெப்போ
வெள்ளி, காலை 5:55

சின்னத் திருத்தம். ஃபுளோரைடு பல்லுக்கும் எலும்புக்கும் கேடு, ரேடியேட்டரை அடைக்கிறது அது இல்ல. அடைக்கிறது சுண்ணாம்பும் மெக்னீசியமும், அதாவது தண்ணியோட கடினத்தன்மை. வீட்டுல வெந்நீர் போடுற அண்டாவுக்கு அடியில வெள்ளையா ஒட்டுமே உப்பு, அதேதான் இஞ்சின் உள்ளயும் ஒட்டும். அதுவும் எங்க அதிகச் சூடோ அங்க முதல்ல. நம்ம பக்கத்துப் பாறைத் தண்ணியில ரெண்டும் சேர்ந்தே இருக்கறதால ஜனங்க ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க.

ஆனா தம்பி, எனக்கு ஒரு உறுத்தல். ரெண்டு வருசத்து உப்பு மட்டும் பாதி ரேடியேட்டரை இப்படித் திட்டா அடைக்காது. உப்பு எல்லாக் குழாயிலயும் பரவலா ஒட்டும். ஒரு பக்கமா கீழ உக்காந்திருக்குன்னா அது குழம்பு மாதிரி ஏதோ ஒண்ணு. முதல் நாள் கேட்ட கேள்வியைத் திரும்பக் கேக்கறேன். உள்ள வேற என்ன போச்சு?

---

கூடாரம்_பாலக்கோடு
வெள்ளி, காலை 9:12

ஐயா... மறந்தே போச்சு. போன பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போனப்போ ரேடியேட்டர்ல லேசா ஒழுகல் இருந்துச்சு. மாமனார் அந்தக் காலத்து ஆள், "இதுக்கெல்லாம் ஒர்க்‌ஷாப் எதுக்கு மாப்ள"ன்னு சமையலறையில இருந்து மஞ்சள் தூள் கொண்டுவந்து உள்ள கொட்டினாரு. ஒழுகல் நின்னுச்சு. நானும் பெரிய அதிசயம்னு நினைச்சுட்டேன்.

எவ்வளவுன்னு கேட்டா, ஒரு பாக்கெட் முழுசா. 100 கிராம்.

---

சூளகிரி_லாரி
வெள்ளி, காலை 9:20

மாப்பிள்ளைக்குச் சீர் செஞ்சிருக்காரு.

தப்பு சொல்ல மாட்டேன். நாங்களும் போட்டிருக்கோம். நடு ராத்திரி கெலமங்கலம் காட்டுப் பக்கம் ஒழுகினா வேற வழி? ஆனா ஒரு ஸ்பூன், ரெண்டு ஸ்பூன். ஊர் வந்ததும் தண்ணியை முழுசா இறக்கிக் கழுவிட்டு ஓட்டையை ஈயம் வெச்சு அடைச்சிடணும். பாக்கெட்டையே கொட்டினா அது குழம்புதான்.

---

பழைய_டெப்போ
வெள்ளி, காலை 10:40

கிடைச்சிடுச்சு. மஞ்சள் தூள் சூட்டுல ஊறி உப்பி, சின்ன ஓட்டையை அடைக்கும். அதுக்கு ஓட்டை எது, குழாய் எதுன்னு தெரியாது. தண்ணி மெதுவா ஓடுற இடத்துல போய் உக்காரும், அது மேல உங்க போர்வெல் உப்பு காரை பூசின மாதிரி இறுகும்.

இனி மருந்து ஊத்திக் கழுவற கட்டம் தாண்டிடுச்சு. ரேடியேட்டரைக் கழட்டி, மேல் டேங்க் கீழ் டேங்க் ரெண்டையும் பிரிச்சு, ஒவ்வொரு குழாயிலயும் ராடு (அடைப்பைத் தள்ளுற கம்பி) விடச் சொல்லுங்க. உங்களுது செம்பு, பித்தளை ரேடியேட்டர்னா அது முடியும். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்ததுன்னா புதுசுதான்.

இஞ்சின் பிளாக்கைத் தனியாக் கழுவணும். ரேடியேட்டர் அடிக்குழாயைத் திறந்தா பாதித் தண்ணிதான் வரும், பிளாக்கோட பக்கவாட்டுல இருக்குற டிரெய்ன் போல்ட்டையும் திறக்கணும். எலுமிச்சை உப்பு கரைச்ச தண்ணியை ஊத்தி அரை மணி ஓடவிட்டு இறக்கி, நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசினா போதும். பாத்ரூம் ஆசிட் பக்கம் போகவே போகாதீங்க. உப்பையும் தின்னும், ஈயப் பத்தவைப்பையும் தின்னும்.

கழட்டும்போது கீழ் ஹோஸுக்குள்ள விரல் விட்டுப் பாருங்க, உள்ள ஒரு சுருள் கம்பி இருக்கணும். துரு பிடிச்சுப் போயிருந்தா பம்ப் உறிஞ்சுற வேகத்துல ஹோஸ் சப்பையா ஒட்டிக்கும். ஏத்தத்துல மட்டும் சூடாக அதுவும் ஒரு காரணம். வண்டி நின்னதும் விரிஞ்சுக்கும், எந்த மெக்கானிக் கண்ணுலயும் படாது.

---

கூடாரம்_பாலக்கோடு
புதன், இரவு 10:18

கிருஷ்ணகிரியில ஒரு ரேடியேட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். பாய் டேங்கைப் பிரிச்சதும் கடையே சமையலறை வாசனை அடிச்சுது. கீழ் டேங்க்ல மஞ்சளும் வெள்ளையும் கலந்து களிமண் மாதிரி ரெண்டு கை நிறைய. எண்ணிப் பாத்தாரு: மொத்தம் 46 குழாய்ல 21 முழு அடைப்பு. ராடு விட்டு, பழைய ஒழுகலைக் கண்டுபிடிச்சு ஈயம் வெச்சு, தண்ணித் தொட்டியில முக்கி காத்தடிச்சுச் சோதிச்சுக் குடுத்தாரு. 2,200 ரூபாய். "இதை யாரு போட்டது"ன்னு கேட்டாரு, மாமனார்னு சொல்லல.

கீழ் ஹோஸ்ல சுருள் கம்பி இல்லவே இல்ல, துருத்தூள் மட்டும். ரெண்டு ஹோஸும் மாத்தியாச்சு.

வேற ஒண்ணும் தெரிஞ்சுது. கட்டில் போடுறப்போ இஞ்சின் பக்கம் கை நுழையலேன்னு ஃபேனைச் சுத்தி இருந்த கூட்டை நான்தான் கழட்டி வீட்டு மொட்டை மாடியில போட்டிருந்தேன். தூசு தட்டித் திரும்ப மாட்டிட்டேன்.

தண்ணி: ஒரு பங்கு கூலண்ட், ஒரு பங்கு பேட்டரி தண்ணி (உப்பில்லாத தண்ணி). மொத்தம் 10 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாப் பிடிச்சுது. எர்த் கம்பியைச் சுரண்டி மாட்டினதும் ஹெட்லைட் விளையாட்டும் நின்னுடுச்சு.

---

மாங்கனி_பர்கூர்
புதன், இரவு 10:50

நான் சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். என் சுமோவுக்கு ஹெட்டைத் திறந்தப்போ கேஸ்கெட் நிஜமாவே போயிருந்துச்சான்னு இப்போ யோசனை வருது. அன்னிக்கு நான் பக்கத்துல நிக்கல.

சந்தேகம்: கூலண்ட்டையே முழுசா ஊத்தினா இன்னும் நல்லதில்லையா? நமக்கு உறையற குளிரும் கிடையாது, அப்போ எதுக்குத்தான் கூலண்ட்?

---

ஓசூர்_சிப்காட்
வியாழன், காலை 8:05

சூட்டைச் சுமக்கிறதுல தண்ணியை அடிச்சுக்க ஆள் இல்ல. கூலண்ட் மட்டும் ஊத்தினா அந்தச் சுமக்குற திறன் குறையும். நமக்கு அதுல வேண்டியது துரு தடுக்குற மருந்தும், கொதிநிலை கொஞ்சம் ஏறுறதும். நம்ம ஊருக்கு மூணுல ஒரு பங்கு போதும்னு நான் சொல்வேன், பாதிக்குப் பாதி போட்டாலும் பழுதில்ல. பாதியைத் தாண்ட வேண்டாம்.

---

பழைய_டெப்போ
வியாழன், காலை 9:15

காத்து எடுத்தீங்களா? வண்டி மூக்கு மேட்டைப் பாத்து நிக்கணும், மூடி திறந்திருக்கணும். ஆறின இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, வால்வு திறந்து மேல் ஹோஸ் சூடாகுற வரைக்கும் விட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்க. மட்டம் இறங்கும், நிரப்பி மூடுங்க. ரெண்டு நாள் ஓட்டிட்டு, ஆறின பிறகு திரும்பப் பாருங்க.

---

கூடாரம்_பாலக்கோடு
ஞாயிறு, மாலை 6:47

காத்து எடுத்தேன். மறுநாள் அரை லிட்டர் இறங்கியிருந்துச்சு, நிரப்பினேன்.

இன்னைக்கு வேணும்னே மத்தியானம் 2 மணிக்கு ஓமலூர் வரைக்கும் போய்த் திரும்பினேன். தண்ணி டேங்க் நிரப்பி, மனைவி, மாமனார், மாமியார் எல்லாரையும் ஏத்திக்கிட்டு. லாரி அண்ணா சொன்ன மாதிரி தொப்பூர்லயே மூணுக்கு இறக்கிட்டேன். இரட்டைப் பாலத்துக்கிட்ட முள் பாதிக்கு மேல ஒரு நூல் ஏறிச்சு, அங்கேயே நின்னுடுச்சு. சுங்கச்சாவடி தாண்டினதும் பழைய இடத்துக்கு வந்துடுச்சு. நிறுத்தி அளந்தேன்: மேல் ஹோஸ் 88, கீழ் ஹோஸ் 77.

மாமனார் கீழ இறங்கி ரேடியேட்டரைக் குனிஞ்சு பாத்துட்டு, "நான் போட்ட மஞ்சள் இன்னும் நிக்குது பாத்தியா, ஒரு சொட்டு ஒழுகல"ன்னாரு. ஆமாங்க மாமான்னு சொல்லிட்டேன்.

வாட்டர் பம்ப் அடியில இருக்குற சின்ன ஓட்டைப் பக்கம் லேசா ஈரம் தெரியுது ஐயா. சொட்டல, கறை மாதிரிதான். விடலாமா, இல்ல பம்ப் பாக்கணுமா?

---

பழைய_டெப்போ
ஞாயிறு, இரவு 7:30

அந்த ஓட்டை அதுக்குத்தான் இருக்கு, உள்ள சீல் தேயுதுன்னு காட்டிக்குடுக்க. பெல்ட்டைக் கழட்டிட்டு ஃபேனைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா உடனே மாத்துங்க. இல்லேன்னா துடைச்சுட்டு ஒரு மாசம் கவனிங்க. நீளப் பயணம் போறதா இருந்தா பம்ப் ஒண்ணு வாங்கி வண்டியில வெச்சுக்கோங்க, மாத்த ரெண்டு மணி நேர வேலைதான். மஞ்சள் பாக்கெட் இருந்த இடத்துல வைக்கலாம்.